தடை உத்தரவும் மீன் குழம்பும்

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு. அதன் குத்தகை ஒப்பந்தத்தில் இரண்டு கம்பெனிகளுக்குத் தகராறு. மேல்முறையீடு முடியும்வரை எதையும் யாரும் நகர்த்தக் கூடாதென்று கோர்ட்டு இடைக்காலத் தடை போட்டிருந்தது. காவலுக்குக் கம்பெனிக்கு ஒரு வாட்ச்மேன். வக்கீல் குமாஸ்தாவான நான் எங்கள் கட்சி வாட்ச்மேனை அங்கேதான் சந்தித்தேன்.

தொப்பை மேல் பட்டன் போட முடியாத காக்கிச் சட்டை. தினமும் காலையில் கேட்டின் நடுவே சுண்ணாம்பால் ஒரு கோடு கிழிப்பார். எதிர்க்கட்சி வாட்ச்மேனின் நாற்காலிக் கால் அதைத் தாண்டினால், "தோ பாரு மாமு, கோர்ட்டு அவமதிப்பு" என்பார். மதியம் மட்டும் அந்தக் கோட்டின் மேலேயே அவருடைய சோற்றுத் தூக்கு உட்கார்ந்திருக்கும். இருவரும் அதிலிருந்துதான் சாப்பிடுவார்கள்.

ஒருநாள் மதியம் உத்தரவு நகலோடு ஓடினேன். "அப்பீல்ல நாமதான் ஜெயிச்சோம். தடை போச்சு. எதிர்க்கட்சி வாட்ச்மேனை இன்னைக்கே வெளியே அனுப்பிடலாம்."

"மெதுவா சொல்லு சார். கை கழுவப் போய்க்கீறான். துன்னு முடிக்கட்டும், அப்பால சொல்லிக்கலாம்."

நகலைப் பைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எப்போதும் பத்து நிமிஷத்தில் தூக்கைக் காலி செய்கிற எங்கள் வாட்ச்மேன், அன்று ஒரே ஒரு சங்கரா மீனுக்கு ஒரு மணி நேரம் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.