சுவர் போஸ்டர் படித்த ரொசாலி

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்து கூடையைத் தூக்கும்போது லூர்து வந்து சொன்னாள். "ரொசாலிம்மா போயிட்டாங்களாம் ஆயா." எனக்கு அழுகை வரவில்லை. 'ஞாயித்துக்கிழம கம்பெனி எலெக்‌ஷனாச்சே' என்றுதான் வாயில் வந்தது. திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

நம் ஐஸ் கம்பெனியில் பங்கு வைத்திருக்கும் மீன்காரப் பெண்கள் எல்லோருக்கும் ரொசாலியைத் தெரியும். அவள் அம்மாவும் மீன் விற்றவள். அந்தப் பங்கு இவளுக்கு வந்தது. ஆபீசில் கிளார்க் வேலையும் பார்த்தாள். கூட்டத்துக்கு வர முடியாதவர் தன் ஓட்டை இன்னொருவர் போட எழுதிக் கொடுக்கும் பிராக்சி தாளை அவள்தான் சரிபார்ப்பாள்.

ஒரு போர்டு தேர்தலில் கம்பெனி சேர்மனின் மச்சான் வெற்று பிராக்சி தாளோடு என் வீட்டுக்கு வந்தான். கைரேகை கேட்டான். வைத்தேன். அவனை இன்றுவரை மன்னிக்கவில்லை. ரொசாலி வந்து கத்தினாள். "யாரு பேரும் எழுதாத தாள்ல ரேக வப்பியாக்கா? உன் ஓட்ட நீயே அவன் மடியில கட்டி வுட்டுட்ட." பிறகு குரலைத் தணித்தாள். "நீ நேர்ல வந்து போட்டா அந்தத் தாளு செல்லாது. காச்சலா இருந்தாலும் வா." போனேன். மச்சான் முகம் கறுத்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

செத்துப்போனவர்கள் பெயரிலும் தாள் வரும். அதற்காகத் தேர்தலுக்கு முன் குடையும் நோட்டுமாகத் தெருத்தெருவாகப் போவாள். சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் படித்துப் பெயர் குறிப்பாள்.

"என்னாம்மா, எமனுக்கு கிளார்க்கா?" என்று கேட்டேன்.

"எமன் ஒரு தபாதான் கூட்டிம் போவான். நம்ம போர்டு ஆளுங்க எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் எழுப்பிக் கூட்டியாறாங்கக்கா."

நேற்று ஆபீஸ் பியூன் காதோடு சொன்னார். ரொசாலி பெயரிலேயே ஒரு தாள் வந்திருக்கிறதாம், மச்சான் ஓட்டுப் போடுவதற்கு. உயிரோடு இருந்தவரை யாருக்கும் தாள் கொடுக்காதவள். ஆபீசுக்கு ஓடினேன்.

"செத்ததுக்கு சர்டிஃபிகேட் இருக்கா ஆயா? இல்லன்னா தாளு செல்லும்" என்றார் புது கிளார்க்.

சர்டிஃபிகேட் வர நாளாகும். கூட்டம் நாளைக்கு. ஊரே அழுத சாவு அந்த மேசைக்கு மட்டும் தெரியாதாம்.

மார்க்கெட் சுவரில் இருந்த அவள் போஸ்டரைத் தண்ணீர் தெளித்து உரித்தேன். ஒரு மூலை கிழிந்துவிட்டது. படமும் பெயரும் இருக்கின்றன. நாளை அதை மேசைமேல் விரிப்பேன். ஏற்பார்களா, தெரியவில்லை. பயமாக இருக்கிறது. ஒருத்தியாக நின்றால் துரத்திவிடுவார்கள். அவள் குழியில் மண் போட்டவர்களே, நேரில் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள்.

அவளுடைய நோட்டு என்னிடம் இருக்கிறது. இறந்தவர் பட்டியலின் கடைசியில், எழுத்துக் கூட்டி, ரொசாலி என்று நானே எழுதினேன்.