ஓடாத கடிகாரமும் தொப்பி போட்ட காகமும்

பழைய சாமானை இணையத்தில் விற்கிறவனுக்கு இரண்டு வேலை உண்டு: பொருளை விற்பது ஒன்று, இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று கேட்கிற ஊருக்குப் பதில் சொல்வது இன்னொன்று. முதல் வேலை சுலபம்.

தென்காசியில் என் வீட்டு முன்னறைதான் கடை. போர்டு கிடையாது. எனாமல் விளம்பரத் தகடு, கண்ணாடி ஓவியம், சாவி கொடுக்கும் கடிகாரம், யார் யாரோ வரைந்த கோணல்மாணல் படங்கள் என்று எது கிடைத்தாலும் வாங்கி, போட்டோ பிடித்து ஃபோனில் போடுவேன். எங்கோ இருக்கிற ஒருவர் எடுத்துக்கொள்வார். பாதியை அனுப்ப மனசு வராமல் நானே வைத்துக்கொள்வேன். உங்களில் யாருக்காவது இந்தச் சீக்கு இருந்தால், மேற்கொண்டு படித்து ஆறுதல் அடையுங்கள்.

கூரியர் கவுண்டர்

செங்கோட்டைப் பக்கம் ஒரு தோட்ட பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்த சுவர்க்கடிகாரம் அது. மைசூரில் ஒருவர் கேட்டிருந்தார். காலை முழுவதும் தெர்மாகோல் வெட்டி, பழைய போர்வை சுற்றி, முதுகு விட்டுப்போய் கூரியர் கவுண்டரில் கொண்டுவைத்தேன். கவுண்டரில் இருந்த செல்வி, “உள்ள என்ன அண்ணாச்சி?” என்றாள். பழைய கடிகாரம் என்றேன். “ஓடுமா?” ஓடாது என்றேன். “ரிப்பேருக்கா அனுப்புதிய?” இல்லை, வாங்கியிருக்கிறார்கள் என்றேன்.

அவள் முகவரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஓடாதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?” தெரியும் என்று சொல்லியும் அவளுக்கு மனசு ஆறவில்லை. ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டே சொன்னாள்: “எதுக்கும் ஒரு தடவ எழுதி வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி. நம்ம கூரியர்ல வந்துதான் நின்னுபோச்சுன்னு சொல்லிறப்போறாவ.”

சாரல் காலத்து விருந்தாளி

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் எனக்குப் பயம் வந்துவிடும். ஃபோனில் மட்டும் தெரிந்தவர்களெல்லாம் அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு நேரில் வருவார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மூன்று மாதமாக ஒரு கண்ணாடி ஓவியத்தை விசாரித்துக்கொண்டிருந்தார். கண்ணனை மடியில் வைத்திருக்கும் யசோதை. இந்த மாதிரிப் படத்தில் கண்ணாடியின் பின்பக்கம்தான் வண்ணம் இருக்கும். நாம் முன்பக்கமாகப் பார்க்கிறோம். குடும்பத்தோடு வந்தவருக்குக் காட்டலாமே என்று பின்பலகையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, டீ சொல்லப் போனேன்.

திரும்பி வந்தபோது அவருடைய மாமியார் கையில் ஈரத்துண்டோடு நின்றுகொண்டிருந்தார். யசோதையின் இடது கையும் வெண்ணெய்ப் பானையும் துண்டில் இருந்தன. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: “பின்னாடியெல்லாம் ஒரே அழுக்கா இருந்துச்சுங்க தம்பி, நல்லாத் தொடச்சு விட்டிருக்கேன்.”

ரைட்டரின் பறவைகள்

கடையத்தில் ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர், பெயர் சங்கரபாண்டியன். போலீஸ் ஸ்டேஷனில் பல வருடம் புகார்களை எழுதும் ரைட்டராக இருந்ததால் எல்லோருக்கும் அவர் ரைட்டர்தான். பழைய தட்டச்சு எந்திரம் இருக்கிறதென்று வாங்கப் போனேன். எந்திரம் துருப்பிடித்துப் போயிருந்தது. ஆனால் பக்கத்தில், நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்த பறவைகள் இருந்தன. தொப்பி போட்ட காகம் கைகட்டி நிற்கிறது. கொக்கு ஒன்று குடை பிடித்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறது. இரண்டு மைனாக்கள் வேலித் தகராறோடு மேஜைக்கு முன்னால் நிற்கின்றன.

தட்டச்சு எந்திரத்தை மறந்துவிட்டேன். ஏன் பறவையாகவே வரைகிறீர்கள் என்று கேட்டேன். ரைட்டர் பேனாவை மூடினார். “ஸ்டேஷனுக்கு வந்தவுக மூஞ்சியெல்லாம் மனசுல அப்படியே கெடக்கு தம்பி. மனுசனா வரைஞ்சா சண்டைக்கு வருவான். பறவைன்னா ஒருத்தனும் வந்து நான்தான்னு சொல்ல மாட்டான்.”

முட்டி

ரைட்டரின் படங்களை வாங்கி ஃபோனில் போட்டேன், நன்றாகப் போயின. ஒருமுறை பெங்களூரிலிருந்து ஒருவர் புகார் அனுப்பினார். அவர் விடுமுறை நாளெல்லாம் பறவை பார்க்கப் போகிறவர். கொக்கின் கால் அந்தத் திசையில் மடங்காது என்று அம்புக்குறி போட்டு, நான்கு புகைப்படங்களோடு விளக்கியிருந்தார். படத்தைத் திரும்ப அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தார். நான் ரைட்டருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்: “குடை பிடிச்சத நம்பிட்டாரு, முட்டிதான் இடிக்குதாமா?”

இடது கை

சென்னையில் குழந்தை மருத்துவர் ஒருவர், தன் கிளினிக்கில் மாட்ட ஆறு பறவைகள் கேட்டிருந்தார். அந்த மழைக்காலத்தில் ரைட்டருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போய்விட்டது. பார்க்கப் போனபோது கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் மனைவி வாசலிலேயே என்னை நிறுத்தி, “படத்தப் பத்தி மட்டும் பேசிறாதிய தம்பி, அழுதாவ” என்றார். மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். மருத்துவருக்கு, இனிமேல் படம் வராது என்று எழுதினேன். என்னிடம் எட்டுப் படங்கள் மிச்சம் இருந்தன. நிறையப் பேர் கேட்டார்கள். விற்கவும் மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒரு நாள் பஸ் ஏறிப் போய் எல்லாவற்றையும் ரைட்டரின் மனைவியிடமே கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாவே கூப்பிட்டு, வந்துவிட்டுப் போகச் சொன்னார். ரைட்டர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பரீட்சை அட்டை, இடது கையில் பேனா. தாளில் ஒரு காகம். கோடெல்லாம் நடுக்கம், தொப்பி தலையைவிடப் பெரியது, உடம்பு ஒருபக்கம் சரிந்திருந்தது. நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரைட்டர் வார்த்தை வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “ஆடுதேன்னு... பாக்கிறீரு. குடிச்சிட்டு... டூட்டிக்கு வந்திருக்குன்னு... எழுதிக்கிடும்.”

கிளினிக்கிலிருந்து

கைநடுக்கத்தை மறைக்காமல் எழுதித்தான் அந்தக் காகத்தை மருத்துவருக்குக் காட்டினேன். இதையும் சேர்த்து, இதே மாதிரி ஆறு வேண்டும் என்றார். ஆறையும் முடிக்க ரைட்டர் நாலு மாதம் எடுத்துக்கொண்டார். மாட்டிய பிறகு மருத்துவர் கூப்பிட்டுச் சொன்னதை, ஃபோனைக் கையில் வைத்தபடியே கடையத்துக்குப் போய் ரைட்டரிடம் ஒப்பித்தேன். கோணிய வாயால் அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மருத்துவர் சொன்னது இதுதான்: “உள்ளே வர்ற பிள்ளைங்க எல்லாம், இந்தக் காக்காவுக்கும் ஊசி போட்டுட்டீங்களா டாக்டர், அதான் இப்படி நிக்குதான்னு கேக்குதுங்க.”

இந்தத் தொழிலில் எது உடையும், எது உடையாமல் போய்ச் சேரும் என்று அனுப்புகிறவனுக்கு ஒருநாளும் தெரிவதில்லை. முதுகுவலி மட்டும் தவறாமல் வந்து சேர்ந்துவிடுகிறது.