பார்க் வாசலில் நின்ற பாடை

இரண்டடி. இந்த அளவை மறக்காதீர்கள். 1946 மாசியில், அரியலூர் குட்டைத் தெருக் கோடியில், புதுப் பார்க்குக்கு நட்ட இரண்டு கல்தூண்களுக்கு நடுவே விட்ட இடைவெளி அது. ஓர் ஆள் நேராக நுழையலாம். இடுப்பில் கூடை வைத்திருப்பவள் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். மாடு புகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். பாப்பாயி நம்பவில்லை.

பாப்பாயி எதையுமே சட்டென்று நம்புகிறவள் இல்லை. கடலை மண்டியில் உடைக்கிற வேலை. மண்டிக்காரர் மரக்காலைக் கையில் எடுத்தால், அதை வாங்கிக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்த்த பிறகுதான் அளக்க விடுவாள். கல்யாணத்தன்று தாலியைப் பல்லில் கடித்துப் பார்த்தாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

"கடிக்கலடி. நகத்தால லேசா கீறிப் பாத்தேன், அவ்ளோதான்" என்பாள்.

அவள் புருஷன் வைரக்கண்ணு ரயிலடியில் மூட்டை தூக்குகிறவர். "எமன் வந்து நின்னாக்கூட எந்த ஊரு, யாரு அனுப்புனான்னு கேட்டுட்டுத்தான் இவ வூட்டுக்குள்ள விடுவா" என்று சிரிப்பார்.

குட்டைத் தெருவுக்கு இருந்தது ஒரே நடைபாதை. தெருக் கோடியில் தொடங்கி, மிராசுதார் சாமிதுரையின் புஞ்சையைக் குறுக்கே வெட்டிக் குளக்கரைக்குப் போகும். மண்டிக்கும் அதுதான் வழி, ரயிலடிக்கும் அதுதான், சுடுகாட்டுக்கும் அதுதான். அது இல்லையென்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு பெரிய ரோட்டில் போக வேண்டும். பாதைக்குப் பத்திரம் எதுவும் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் அதைவிடக் கெட்டியான சாட்சி ஒன்று உண்டு. பிணம் போய்க்கொண்டிருக்கிற தடத்தை எவனும் அடைக்க முடியாது. வழித் தகராறு பஞ்சாயத்துக்கு வந்தால் முதலில் கேட்கிற கேள்வியே, "அந்த வழியா பொணம் போவுதா?" என்பதுதான்.

அந்தப் புஞ்சையைத்தான் மிராசுதார் ஊருக்குப் பார்க் வைக்கத் தானமாகக் கொடுத்தார். சரளை போட்ட நடைபாதை, இருபுறமும் குரோட்டன்ஸ் செடி, உட்காரச் சிமெண்டு பெஞ்சு. ஊரே கைதட்டியது. கைதட்டினவர்கள் யாரும் குட்டைத் தெருவில் குடியிருக்கவில்லை. சுற்றிலும் கம்பி வேலி வந்தது. குளக்கரைப் பக்கம் அகலமாகத் திறந்து விட்டார்கள். எங்கள் பக்கம் மட்டும் ஆளுயரக் கல்தூண் இரண்டு, அதன் தலையில் தகர வளைவு, வளைவில் மிராசுதாரின் அப்பா பெயர்.

"நம்ம பாதையை நமக்கே தானம் குடுக்குறாரு. அதுல பாதியக் காணும்" என்றாள் பாப்பாயி.

பக்கத்து வீட்டு அமிர்தவல்லி, "ஒனக்கு எதுதான் நல்லதாத் தெரிஞ்சிருக்கு? செருப்பில்லாத காலுக்குச் சரளை குத்தும், வேணும்னா அதைச் சொல்லு" என்றாள்.

தெருச் சங்கத்தில் மனு எழுதிப் பஞ்சாயத்து போர்டுக்கு அனுப்பினோம். அனுப்பினதோடு சரி.

பார்க் திறப்பு விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் வைரக்கண்ணு செத்துப்போனார். ஒரு வாரக் காய்ச்சல். விடிந்தால் எடுக்க வேண்டும். அதே காலையில் பெரிய ஆபீசர் வந்து ரிப்பன் வெட்டப் போகிறார்.

விடிந்ததும் மிராசுதாரின் காரியஸ்தர் நடராசன் வந்தார். பின்னால் ஒரு வில்வண்டி. மாட்டுக் கொம்புக்கெல்லாம் பூச்சுற்றியிருந்தது. தெரு வாயைப் பிளந்தது.

"ஏம்மா பாப்பாயி, ஐயா ரொம்ப வருத்தப்பட்டாரு. வைரக்கண்ணு நல்ல மனுசன். வண்டி அனுப்பியிருக்காரு. ரோட்டு வழியா மேளத்தோட ராசாவாட்டம் கொண்டு போங்க. இன்னிக்கி ஒரு நாளைக்குத்தான்."

கூடியிருந்த ஆண்கள் தலையாட்டினார்கள். நல்ல காரியம் நடக்கிற இடம், ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் என்ன என்று பேச்சு எழுந்தது. பாப்பாயி பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கண் மட்டும் வண்டிக்குப் பின்னால் நின்ற ஆளின் மேல் இருந்தது. கிராம மணியக்காரர். அவருக்கும் வைரக்கண்ணுவுக்கும் பேச்சுவார்த்தை கூடக் கிடையாது.

"மணியக்காரரு எதுக்குங்க வந்திருக்காரு?"

"அவரா? சும்மாதான். நீங்களா மனசொப்பி ரோட்டு வழியாப் போறீங்கன்னு அவரு முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

"பொணம் போறதுக்குச் சாட்சி எதுக்குங்க?"

நடராசன் துண்டால் முகத்தைத் துடைத்தார். தலையாட்டிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு ஒரு பிணம் தானாக ரோட்டில் போய்விட்டது என்று மணியக்காரர் சொன்னால் போதும், நாளைக்குப் பஞ்சாயத்தில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் தயாராகிவிடும். அது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"அந்த மனுசன் முப்பது வருசமா எந்த வழியா வேலைக்குப் போனாரோ அந்த வழியாத்தான் போவாரு. வண்டியத் திருப்பிக்கிங்க" என்றாள் பாப்பாயி.

"போ. தாராளமாப் போ. பாடை அதுல நுழையுமான்னு மட்டும் பாத்துக்க" என்றார் நடராசன். குரல் மாறிப்போயிருந்தது.

தூக்கினார்கள். பெண்கள் தெருக் கோடி வரை வருவது வழக்கம். தெருக் கோடிதான் பார்க் வாசல். முன்னால் தூக்கின அய்யாக்கண்ணு தூணுக்கு நேரே வந்து நின்றுவிட்டான். மூங்கில் பாடை இரண்டடியைவிட அகலம். வளைவு இருப்பதால் மேலே தூக்கித் தாண்டவும் வழியில்லை, கம்பி வேலியும் தலைக்கு மேல்.

"சாச்சுக் கொண்டு போங்கடா!" என்று எவனோ கத்தினான்.

"ஒங்கப்பனச் சாச்சுக் கொண்டு போடா!" என்றான் அய்யாக்கண்ணு.

உள்ளே பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். மிராசுதார் பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்து எட்டிப் பார்த்தார். தன் அப்பா பெயர் எழுதிய வளைவுக்குக் கீழே பிணத்தின் கால் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"யோவ் நடராசா, என்னய்யா இது? திருப்பி அனுப்புய்யா!"

வாசலைச் சுருக்கியபோது நடராசன் யோசிக்காமல் விட்டது இதைத்தான். வீட்டிலிருந்து தூக்கின பாடை திரும்பி வீட்டுப் பக்கம் போகாது. இடையில் எங்கேயும் இறக்கவும் கூடாது. அதற்கென்று உள்ள இடம் குளக்கரை மேட்டில் இருக்கிறது. இது மிராசுதாருக்கும் தெரியும். அவர் வீட்டுப் பாடைக்கும் அதே முறைதான். முன்னால் போக வழியில்லை, பின்னால் போக முறையில்லை. பாடை அங்கேயே நிற்கும். ஆபீசரின் கார் வரும்போதும் நிற்கும்.

பாப்பாயி வேலியோரம் உட்கார்ந்துகொண்டாள்.

"தோள் மாத்தி மாத்தித் தூக்குங்கப்பா. அவருக்கு அவசரம் ஒண்ணுமில்ல."

மிராசுதார் கொஞ்ச நேரம் பாடையைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். பிறகு, "கடப்பாறை கொண்டாங்கடா" என்றார்.

பந்தல் போட வந்த ஆட்கள்தான் தூணைத் தோண்டினார்கள். வளைவு ஒரு பக்கமாகச் சரிந்து குரோட்டன்ஸ் செடிமேல் விழுந்தது. வைரக்கண்ணு புதுச் சரளையில், ரிப்பனுக்கு முன்னால், முதல் ஆளாகப் போனார். பாடை குளக்கரை ஏறி மறைகிற வரைக்கும் பாப்பாயி எழுந்திருக்கவில்லை.

விழா முடிந்தது. தூணைத் திரும்ப நட வேண்டுமே, எவ்வளவு தள்ளி நடலாம் என்று நடராசன் ஆளனுப்பிக் கேட்டார். தாராளமாக விட்டு நடுவதாகச் சொல்லியும் அனுப்பினார். தாராளம் என்ற சொல்லைப் பாப்பாயி நம்பவில்லை. துக்கத்துக்கு உட்கார்ந்திருந்தவள் எழுந்து போக முடியாது. அதனால் அய்யாக்கண்ணுவையும் இன்னொருவனையும் அனுப்பி, தோளில் மூங்கிலோடு ஜோடியாக நிற்க வைத்து, இரண்டு பக்கமும் கை வீசி நடக்க இடம் விட்டுக் குழி தோண்டச் சொன்னாள். கருமாதி முடிந்து மண்டிக்குக் கிளம்பின முதல் நாள், வாசலில் நின்று, கையில் கொண்டு வந்த கயிற்றைத் தூணுக்குத் தூண் பிடித்துப் பார்த்தாள்.

ஏழடி.