நாற்காலி இழுபடும் ஓசை

இரும்பு நாற்காலியை யாராவது சிமெண்டுத் தரையில் பின்னுக்குத் தள்ளினால் போதும், அந்தக் கிறீச்சில் என் பல் கூசும். பல்லுக்கும் கீழே, எங்கோ ஆழத்தில், வேறொன்றும் கூசும். எங்கள் மேனேஜர் எனக்காக எழுந்து நிற்கும் ஓசை அது.

எழுபதுகளின் கடைசி; பதினைந்து வருஷத்துக்கு முந்தி. சிவகிரியில் நான் மேஸ்திரியாக இருந்த தறிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். சங்கரன்கோவில் பவர்லூம் பட்டறை ஒன்றில் நூல் ஸ்டோருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மைத்துனனின் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். மேஜைக்குப் பின்னால், மீசை இன்னும் கறுத்து முடிக்காத ஒருவன். முதலாளிக்குச் சொந்தமில்லை, சொந்த சாமர்த்தியத்தில் வந்தவன். அதுதான் முதல் எரிச்சல். சொந்தக்காரனாக இருந்திருந்தால் மனசுக்கு ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

நூல் ரகம், சாயம் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் பேனாவை மூடினான்.

"நான் ஒங்களவிட பத்து வயசு சின்னவன். என்கீழ வேல பாக்க ஒங்களுக்குச் சங்கடமா இருக்காதா அண்ணாச்சி?"

இந்தக் கேள்வி வரும் என்று மைத்துனன் சொல்லியிருந்தான். பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்த பதிலை அப்படியே இறக்கினேன். "மரியாத நாற்காலிக்குத்தான சார், வயசுல என்ன இருக்கு? சங்கடமே கெடையாது."

வேலை கிடைத்தது. மறுநாள் கையெழுத்து வாங்க உள்ளே போனேன். கிறீச்! எழுந்து நின்றான். நான் உட்காரும்வரை அவன் உட்காரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, எப்போதுமே. தறிக்காரர்களுக்கு அது விளையாட்டாகிப் போனது. "ஏலே, அண்ணாச்சி உள்ள போறாரு, மேனேஜர எழுப்பிவிடப் போறாரு!" ஒருவர் முகத்துக்கு நேரேயே கேட்டார். "ஒமக்கென்ன வே, மேனேஜரே எந்திரிக்காரு. சம்பளத்தையும் மாத்திக்கிட வேண்டியதுதான?"

சிரித்துவைத்தேன். மேனேஜர் அதட்டியிருந்தால் வீட்டில் போய் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். வெறுக்க ஒரு காரணமும் தராதவனை என்ன செய்வது? நாற்காலியும் அவனுக்கு, அதைவிட்டு எழுகிற பெருமையும் அவனுக்கே. கடைசியில் உள்ளே போவதையே நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தாள்களை நீட்டினேன். எழுந்து ஜன்னலுக்கே வந்தான், நின்றபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

பிறகு முதலாளி அவனை ராஜபாளையத்துப் பெரிய பட்டறைக்கு அனுப்பினார். நாற்காலி எனக்கு வந்தது. இன்றும் அதில்தான் இருக்கிறேன். என்னைவிட மூத்த கணக்கர் ஒருவர் இப்போது சேர்ந்திருக்கிறார். அவர் வரும்போது நானும் எழுந்து பார்க்கிறேன். அதே கிறீச்சுதான். ஆனால் கால் எழும் முன்பே கண் சுற்றிப் பார்க்கிறது, யார் கவனிக்கிறார்கள் என்று. அவன் கண் அப்படி அலைந்து நான் கண்டதில்லை. இத்தனை வருஷம் கழித்து அதற்கும் ஒரு பொறாமை.

அவன் ராஜபாளையம் கிளம்பிய அன்றைக்கு வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்தான். மேல்கம்பியில் தலை ணங்கென்று இடித்தது.

"ஒக்காருங்க சார்."

தலையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான். "இனி நான் ஒங்க மேனேஜர் இல்ல. அன்னைக்குக் கேட்டத இன்னொரு தடவ கேக்கட்டா? சங்கடமா இருந்துச்சா அண்ணாச்சி?"

கண்டக்டர் விசிலடித்தார். பஸ் நகர, நானும் கூடவே நடந்தேன்.

"இருந்துச்சுலே" என்றேன். "தெனமும் இருந்துச்சு."