அலுமாரிக்குள் போன கடவுச்சீட்டு

இது நடந்தது போன வருடத்துக்கு முந்திய ஆவணி மாதம், பாரிசுக்கு வெளியே ஒரு நாலாம் மாடி வீட்டில். நான் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவில் மடத்துவெளியைச் சேர்ந்தவள். அந்தக் கோடைக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் நாலு பேர் ஸ்ரோபெரிப் பழம் பிடுங்கும் வேலைக்குப் பின்லாந்து போயிருந்தோம். நான் வெளிக்கிட்ட அன்றே பக்கத்து வீட்டுக்காரி என் கணவரிடம், "போறவள் இனி வரமாட்டாள், அவளின்ரை கோழியளை எனக்குத் தாங்கோவன்" என்று கேட்டிருக்கிறாள்.

வேலை முடிந்த நாளில் தோட்டக்காரி எங்களைக் கூப்பிட்டு ஒன்று சொன்னாள். நாலு பேரும் விசா முடியமுன் ஊர் திரும்பினால், வரும் வருடம் எட்டுப் பேரை எடுப்பாளாம். ஒருத்தி நின்றுவிட்டாலும் இனி எங்கள் பக்கத்து ஆட்களே வேண்டாமாம். சரியென்று கைகொடுத்தோம். மற்ற மூவரும் அங்கிருந்தே விமானம் ஏறினார்கள். எனக்கு விசாவில் பத்து நாள் மிச்சமிருந்தது. இவ்வளவு தூரம் வந்து, ஐரோப்பாவை ஸ்ரோபெரிச் செடியின் உயரத்திலிருந்து மட்டும் பார்த்துவிட்டுப் போவதா? கப்பலில் ஜேர்மனிக்கு வந்து, ரயில் மாறி மாறி, இரண்டு ஊர் தவறிப் போய், பாரிசில் இருக்கும் என் பெரியம்மாவின் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு அவள் அக்கா. திரும்பும் ரிக்கெற்றும் பாரிசிலிருந்துதான்.

சொந்தக்காரர் வீட்டில் தங்கப் போனால் நகை, காசுப்பை எல்லாவற்றையும் வீட்டுக்காரியிடம் கொடுத்து அலுமாரியில் வைக்கச் சொல்வது எங்கள் வழக்கம். கொடுக்காவிட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். நான் கடவுச்சீட்டையும் சேர்த்துக் கொடுத்தேன்.

ஐந்து நாள் ஊர் சுற்றினோம். விமானத்துக்கு முதல்நாள் காலை கடவுச்சீட்டைக் கேட்டேன். அக்கா புட்டுக் கிளறிக்கொண்டே, "அது பத்திரமா இருக்கு. நீ ஒரு இடமும் போகேல்லை. லோயரோடையும் கதைச்சாச்சு" என்றாள்.

என்னைத் திரும்ப விடாமல் பாரிசிலேயே நிறுத்த அவள் வக்கீல்வரை போயிருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது.

"சனம் கடலாலையும் காட்டாலையும் செத்துப் பிழைச்சு இஞ்சை வருது. நீ வாசல்லை வந்து நிண்டுகொண்டு திரும்பிப் போறன் எண்டுறாய். உனக்கென்ன விசரே?"

"நான் சொல்லிப்போட்டு வந்தனான் அக்கா."

"ஆருக்கு? அந்தத் தோட்டக்காரிக்கோ? அவளென்ன உன்ரை மாமியாரோ?"

"மாமியாருக்குச் சொன்னதெண்டால் ஏமாத்தலாம். ஊரிலை இன்னும் நாலு பேர் பாஸ்போட் எடுத்து வைச்சுக்கொண்டு இருக்கினம். நான் நிண்டால் அவையின்ரை வழி அடைபட்டுப்போம்."

அக்காவின் கணவர், என் அத்தானைப் பார்த்தேன். "என்னைக் கேளாதையுங்கோ. நான் வடமராட்சியான். தீவாருக்கு நடுவிலை வந்தால் எனக்குத்தான் அடி விழும்" என்று அவர் குசினிக்குள் போய்விட்டார்.

பொலிசுக்குப் போகலாமா என்ற நினைப்பும் ஒரு தடவை வந்தது. அக்கா மேலேயா? அதை விட்டுவிட்டு அலுமாரிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். அக்கா புட்டும் நண்டுக் கறியும் கொண்டுவந்து வைத்தாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டை மறுப்பதைவிடப் பெரிய ஏச்சு கிடையாது. வந்தவர் சாப்பிடும்வரை வீட்டுக்காரியும் வாயில் வைக்கமாட்டாள். இது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

மத்தியானம் ஆனது. குசினிக்குள் அத்தான் சத்தம் வராமல் நண்டு உடைக்கப் பார்த்தார், நண்டு விட்டால்தானே. "மனுசருக்குப் பசிக்காதோ!" என்று அவரே உள்ளேயிருந்து கத்தினார். எனக்குச் சிரிப்பு முட்டியது. அக்காவின் உதடும் துடித்தது. ஆனால் இருவரும் அசையவில்லை.

நாலு மணியளவில் அக்கா நிலத்தைப் பார்த்தபடி, "தம்பியை நான்தான் எயாப்போட்டிலை கொண்டுபோய் விட்டனான்" என்றாள்.

போர்க் காலத்தில் பாரிசிலிருந்து ஊர் திரும்பிய அவளுடைய தம்பி காணாமல் போனது எனக்குத் தெரியும். வழியனுப்பியது அவள் என்பது தெரியாது.

"அவனும் உன்னை மாதிரித்தான், போகத்தான் வேணுமெண்டு நிண்டவன். நான் மறிக்கேல்லை."

என் கோபம் இறங்கிவிட்டது. முடிவு இறங்கவில்லை. எழுந்துபோய் அவள் கையைப் பிடித்தேன். "அக்கா, நிண்டால் நான் ஒளிச்சுத் திரிவன், என்ரை பிள்ளையளையும் காணமாட்டன். போனால்தான் வாற வருசம் நேர்வழியாலை வரலாம். உங்களிட்டைத்தான் வருவன்."

"இறங்கின உடனை எடுப்பியோ?"

"ஓம். முதல் கோல் உங்களுக்குத்தான்."

அவள் தாலிக்கொடியில் ஊசியால் கொளுவியிருந்த திறப்பைக் கழற்றி அலுமாரியைத் திறந்தாள். கடவுச்சீட்டைப் புட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, "இந்தா. இனியாவது தின், பிசாசே" என்றாள். ஆறிப்போன புட்டை மூவரும் சாப்பிட்டோம். அத்தானுக்கு அது இரண்டாம் தரம்.

ஊரில் இறங்கியதும் முதல் கோல் அக்காவுக்குத்தான் எடுத்தேன். அடுத்த கோடையில் எங்கள் பக்கத்திலிருந்து எட்டுப் பேர் போனோம். அன்று நான் சண்டை பிடித்துக்கொண்டு பொலிசுக்குப் போயிருந்தால் கடவுச்சீட்டு எப்படியும் கிடைத்திருக்கும், அக்காவை இழந்திருப்பேன். எதிலாவது விடாப்பிடியாக நிற்க வேண்டி வரும்போதெல்லாம், என்னை மறிப்பவரின் பயம் என்னவென்று கேட்க ஒரு நாள் பசி கிடந்தாலும் தகும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.