உறை கழற்றி ஊன்றவும்

நர்ஸம்மாவின் கைகள் லாரிக்காரரின் குதிகாலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தன. ஆறு வாரமாகத் தரையைத் தொடாத குதிகால், பச்சைக் குழந்தையுடையதுபோல வழவழவென்று இருந்தது. நர்ஸம்மாவுக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது.

முப்பத்தோரு வருடம் வார்டில் உழைத்து ஓய்வு பெற்று, இப்போது வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். பூங்கொத்தோடு வந்து மூக்கைச் சிந்துகிறவர்களைக் கண்டாலே ஆகாது. அப்படி அழுகிறவர்களில் ஒருவராவது மூத்திரப் பாத்திரத்தை எடுத்துப் போய்க் கொட்டி அவர் பார்த்ததில்லை.

லாரிக்காரர் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். ஆபரேஷன் முடிந்து எலும்பு கூடிவிட்டது; மனுஷனுக்குத்தான் மனசு கூடவில்லை. "அடுத்த வாரத்துக்குள்ள நடக்கலேன்னா அப்புறம் ஆயுசுக்கும் படுக்கைதான்" என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அதற்கும் அசையவில்லை. அன்றைக்கு ஜன்னல் வழியே பார்த்துவிட்டு அவராகவே வாய் திறந்தார்.

"இலை கொட்ட ஆரம்பிச்சிடுச்சு. குளிர் இறுகுறதுக்குள்ள பூண்டு ஊணணுமே."

நர்ஸம்மா விடுவாரா? "கால ஊணுனாத்தான் பூண்ட ஊணலாம். உங்களுக்காக வேற யாரும் ஊண மாட்டாங்க, சொல்லிட்டேன்."

லாரிக்காரர் யோசித்தார். "சரி, பாக்கலாம்" என்றார். ஆறு வாரத்தில் வந்த முதல் சரி.

மறுநாள் ஞாயிறு, நர்ஸம்மாவுக்கு விடுமுறை. வீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு சீட்டு எழுதிச் சமையலறை மேஜையில் வைத்தார். பறந்துவிடக் கூடாதே என்று, கைக்கு எட்டிய கூடையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். லாரிக்காரர் விதைக்கென்று எடுத்துவைத்திருந்த பூண்டுக் கூடை அது.

"ஞாயிறு காலை: உறை கழற்றி ஊன்றவும். நேராக. அரை மணி நேரம் பக்கத்தில் நிற்கவும்."

கம்பளிக் காலுறை தரையில் வழுக்கும், அதனால் அப்படி எழுதினார். யாருடைய உறை, எதை ஊன்றுவது என்றெல்லாம் வார்டில் யாரும் விளக்கி எழுதுவதில்லை.

திங்கட்கிழமை காலை, தோட்டத்தில் புதுக் கையுறையோடு மாப்பிள்ளை பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

"சிஸ்டர், நீங்க எழுதினபடியே ஊணிட்டேன்."

"எத்தனை அடி நடந்தாரு?"

"யாரு, மாமாவா? நான் பூண்டைச் சொல்றேன் சிஸ்டர். ஒவ்வொரு பல்லா உறைய உரிச்சு, கழுவி, ஸ்கேல் வெச்சு ஊணினேன். அரை மணி நேரம் பக்கத்துலயே நின்னேன். அது எதுக்குன்னுதான் புரியல."

நர்ஸம்மா அவரை உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, உரிச்ச பூண்டு சட்டிக்குப் போகும். மண்ணுக்குப் போனா அழுகும். படிச்சவர்தானே நீங்க?"

வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததுபோல எழுதிய தன் கையையும் மனதுக்குள் ஒரு அடி அடித்துக்கொண்டார். அதற்குமேல் வருத்தப்பட நேரமில்லை. இரண்டு இடத்தில் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

லாரிக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "ஊணியாச்சாமே. அப்புறம் நான் எதுக்கு எந்திரிக்கணும்? போங்க சிஸ்டர்."

வேறு யாராவது என்றால் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நர்ஸம்மா போர்வையை உருவினார்.

"உரிச்சு ஊணியிருக்காரு உங்க மாப்பிள்ளை."

"உரிச்சா?"

"கழுவியும்."

"கூர்முனை மேல பாத்துதானே இருக்கு?"

"ஒண்ணு கவுந்து கிடக்கு. இன்னொண்ணு படுத்துக் கிடக்கு, உங்கள மாதிரியே."

லாரிக்காரர் திரும்பினார். செத்துக் கிடந்த முகத்தில் சுத்தமான இளக்காரம் ஏறியது. நர்ஸம்மா அதை நாடி பார்ப்பதுபோலப் பார்த்தார். நல்ல அறிகுறி.

"மாப்ளே!" என்று கத்தினார் லாரிக்காரர். "டயர மாட்டச் சொன்னா டியூப மட்டும் மாட்டிட்டு வண்டிய எடுப்பீங்களா?"

"படுத்துக்கிட்டுக் கத்தினா அவருக்குக் கேக்காது. ஜன்னல்கிட்ட வந்து கத்துங்க."

காலுறையைக் கழற்றி, வாக்கரை முன்னால் வைத்தார். கட்டிலிலிருந்து ஜன்னல்வரை ஒன்பது அடி. ஒவ்வொரு அடிக்கும் லாரிக்காரர் மாப்பிள்ளையை ஒரு வசவு வைதார். நர்ஸம்மா ஒன்றையும் தடுக்கவில்லை. வலி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்ததும் குரல் உடைந்தது. "விதைப் பூண்டு மொத்தமும் போச்சே."

"மொத்தமும் போகல மாமா," என்றார் மாப்பிள்ளை வெளியிலிருந்து. "பொடிப் பல்லெல்லாம் கூடையிலயே கிடக்கு. உரிக்கச் சோம்பலா இருந்துச்சு."

"முழுச் சோம்பேறியா இருந்திருந்தா எல்லாமே பொழச்சிருக்கும்!"

மறுநாள் காலை, லாரிக்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கித் தோட்டத்துக்கு வந்துசேர்ந்தார். மலநாற்காலியின் மூடியை மூடிப் பாத்தி ஓரத்தில் போட்டு வைத்திருந்தார் நர்ஸம்மா. அதில் உட்கார்ந்து, தோலோடு, கூர்முனை மேலே இருக்க, இருபத்தாறு பொடிப் பற்களையும் லாரிக்காரர் ஊன்றினார். உரித்த பூண்டையெல்லாம் மாப்பிள்ளை முழங்காலிட்டுத் தோண்டிச் சமையலறைக்குக் கொண்டுபோனார். நர்ஸம்மா நோட்டைத் திறந்து எழுதினார்: "செவ்வாய் காலை. நோயாளி, தன் காலுறை இரண்டையும் கழற்றி, தன் கால் இரண்டையும் தரையில் ஊன்றி, முப்பத்துநான்கு அடி நடந்தார்."