வியாகுலம்மாளின் ஐந்தாவது போல்ட்

திருச்சி மன்னார்புரத்தில் ஜமால் பாயின் கார் ஷெட்டில், தகரக்கூரை முடிந்து வெயில் தொடங்கும் ஓரத்தில் ஒரு வெல்டிங் மெஷினும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் இருக்கும். வியாகுலம்மாளின் இடம் அது. அதுவும் மாதக் கடைசி வரைக்கும்தான். உடைந்த போல்ட்டை எடுப்பதற்கென்று தனியாக ஓர் ஆள் எதற்கு, லேத் பட்டறைக்கு அனுப்பினால் போதாதா என்பது ஜமாலின் எண்ணம். ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும் என்று விட்டிருந்தார். நான் போன அன்று தேதி இருபத்தெட்டு.

நான் போனது அப்பாவின் காருக்காக. எழுபத்தெட்டு வயதிலும் ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லை நகர் கண் ஆஸ்பத்திரிக்கு அம்மாவை அவரே ஓட்டிக்கொண்டு போகிறார். காவிரிப் பாலத்தில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. வாட்டர் பம்ப் போயிருந்தது. மூன்று நாளில் எனக்கு டொராண்டோ திரும்ப வேண்டும். வண்டியை இந்த நிலையில் விட்டுப் போனால் அங்கே தூக்கம் வராது.

ஜமால் பம்பைக் கழற்றினார். நான்கு போல்ட்டுகள் முனகியபடி வந்தன. ஐந்தாவது, துரு இளக எண்ணெய் விட்டு அரை மணி ஊறவைத்தும் அசையவில்லை. ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டி இழுத்தார். தலை மட்டும் கையோடு வந்தது. மீதி இன்ஜினுக்குள் புதைந்து நகத்தளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லேத்துக்கு என்றால் இன்ஜினை இறக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார். பிறகு மனசில்லாமல் ஓரத்தைப் பார்த்து, "அக்கா, என்னன்னு பாக்குறீங்களா?" என்றார்.

அந்த அக்கா பொன்மலைப்பட்டிக்காரர். துவாக்குடிப் பக்கம் பாய்லர் பாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில், வெல்டிங் மேல் படியும் கசடைத் தட்டி எடுக்கும் வேலைக்குப் போனவர். ஒருநாள் வெல்டர் வரவில்லை, அவசரச் சரக்கு. நான் பிடிக்கிறேன் என்று இவர் வெல்டிங் ராடைக் கையில் வாங்கியதுதான், பத்தொன்பது வருஷம் கீழே வைக்கவில்லை. போன வருஷம் கம்பெனியை மூடினார்கள். தையல் கற்றுக்கொள்ளச் சொன்ன மகளிடம், தனக்கு இரும்புதான் பேச்சு கேட்கும் என்று சொல்லிவிட்டாராம்.

குனிந்து பார்த்தார். சுத்தியலால் மெல்ல நாலு தட்டு தட்டிச் சத்தத்தைக் கேட்டார். பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லிவிட்டு, பெட்ரோல் குழாய்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தினார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இன்ஜின் அலுமினியமாச்சே, உருகிவிடாதா என்று கேட்டேன்.

"அலுமினியத்துல இந்த ராடு ஒட்டாது சார். இரும்பு இரும்பத்தான் புடிக்கும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க நெழல் விழுது."

நீட்டிய துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து, நடு ஓட்டையில் பற்றவைத்தார். ஸ்பானரைப் போட்டுத் திருப்பியதும் நட்டு தனியாகக் கழன்று விழுந்தது.

"லேத்துக்காரருக்குப் போனைப் போடட்டா அக்கா?"

"போடுங்க பாய். சௌக்கியமான்னு கேளுங்க."

துண்டின் தலையை அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். இரண்டாவது நட்டு. இந்த முறை சூடு உள்ளே இறங்கட்டும் என்று நின்று நிதானமாகப் பற்றவைத்தார். உடனே ஸ்பானரைத் தொடவில்லை. சிவப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்து, பையிலிருந்து ஒரு துண்டு மெழுகுவர்த்தியை எடுத்து நட்டின் அடியில் வைத்தார். மெழுகு உருகி போல்ட்டின் மரை இடுக்குகளுக்குள் ஓடியது.

"இங்கயே ஜெபமா?" என்றார் ஜமால்.

"அதக் காலைலயே முடிச்சாச்சு. இது போல்ட்டுக்கு."

ஸ்பானரைப் பூட்டி, கழற்றும் பக்கம் இல்லாமல் முறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை தள்ளினார். நான் பதறிப்போனேன். பிறகு இந்தப் பக்கம் ஒரு மயிரிழை. மறுபடி அந்தப் பக்கம். பலமாக எதையும் செய்யவில்லை. தோள்கூட அசையவில்லை, மணிக்கட்டுதான். பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு கீச்சென்று ஒரு சத்தம். அவர் முகம் மாறவில்லை. கால் சுற்று, அரைச் சுற்று. கடைசியில் விரலாலேயே சுழற்றி, துருப்பிடித்த அந்தத் துண்டை ஈரச் சாக்கின்மேல் வைத்தார்.

ஜமால் டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தார். மரை அப்படியே இருந்தது. புதுப் போல்ட் விரலால் திருகியதுமே அடிவரை போனது. சாயந்திரத்துக்குள் வண்டி கிளம்பிவிடும் என்று என்னிடம் சொன்னார். உள்ளே போய், வேறொரு காரின் இன்ஜின் ஹெட்டைத் தூக்கிவந்து ஸ்டூலின் பக்கத்தில் வைத்தார். அதில் மூன்று போல்ட்டுகள் உடைந்திருந்தன. லேத்தில் முடியாது என்று திருப்பி அனுப்பியதாம்.

வியாகுலம்மாள் அதைத் தொடவில்லை.

"ஒண்ணாந்தேதி நான் இங்க இருக்கேனா இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க பாய்."

"இல்லாமயா இதக் கொண்டாந்து வைக்கிறேன்?"

"அப்ப மெஷின உள்ள தள்ளணும். இங்க வெயிலு தாங்கல."

ஜமால் தன் டூல் பெட்டியைக் காலால் ஒதுக்கி இடம் விட்டார். மெஷின் நல்ல கனம். ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.